மூன்றெழுத்துப் பெட்டி

கலெக்டர் அம்மாவை அழவைத்தது தெய்வசிகாமணிதான். வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு காரியத்தை வேண்டுமென்று செய்து முடிக்கிற சாமர்த்தியம் இருந்திருந்தால் இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு இளையோர் மனநலத் திட்டத்தின் ஆய்வுக் கூட்டம். மேஜையைச் சுற்றி டாக்டர்கள், தலைமையாசிரியர்கள், நடுவில் முந்திரி பிஸ்கட். கலெக்டர் அம்மா அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார்.

"அது என்ன பட்டை? நெத்தில கட்டுவீங்களா?" என்று மேஜைமேல் கிடந்ததைக் காட்டிக் கேட்டார்.

பதில் சொன்னவன் லூர்து. பதினைந்து வயது. இளையோர் ஆலோசனைக் குழுவின் உறுப்பினர் என்கிற முறையில் கலெக்டருக்கு எதிர்நாற்காலியில் உட்காரும் உரிமை அவனுக்கு உண்டு. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் மனசையும் படிப்பையும் பற்றி எடுக்கிற எந்த முடிவும் அவர்கள் குழுவின் கையெழுத்து இல்லாமல் செல்லாது என்று சட்டம் வந்து இரண்டு வருஷமாகிறது.

"எங்கள்ல யாராச்சும் பத்து நிமிஷம் கட்டிக்குவோம்மா. அப்ப உடம்புல என்ன நடக்குதோ அது பதிவாயிரும். பெறகு டாக்டரோ டீச்சரோ கட்டுனா அவங்களுக்கும் அதே நடக்கும். படம் தெரியாது, சத்தம் கேக்காது. வயித்துல என்ன பண்ணுச்சு, தொண்டைல என்ன பண்ணுச்சு, அது மட்டுந்தான்."

"யாரோடதுன்னு தெரியுமா?"

"பேரு குழுவுக்கு மட்டுந்தான் தெரியும். பெரியவங்களுக்கு நம்பர்தான்."

"நான் ஒண்ணு கட்டிப் பாக்கறேனே."

குழுவின் செயலர் சிகாமணிதான். செயலர் என்றால் குறிப்பு எழுதுவது, சமோசா வாங்குவது, பட்டையில் பதிவை ஏற்றுவது. புது அதிகாரிக்கு முதல் நாளே பயத்தையும் துக்கத்தையும் மாட்டிவிட வேண்டாமென்று, கணினியில் இருந்த எட்டுப் பெட்டிகளில் 'ஆசை' என்று எழுதியிருந்ததைத் திறந்து, கைக்கு வந்த முப்பத்தொன்றாம் எண்ணை ஏற்றிக் கொடுத்தார். விண்வெளிக்குப் போக வேண்டும், நாய்க்குட்டி வளர்க்க வேண்டும் என்று ஏதாவது இருக்கும், கலெக்டர் அம்மா சிரிப்பார், தனக்கும் ஒரு நல்ல பெயர் கிடைக்கும் என்று ஒரு கணக்கு.

இரண்டாவது நிமிஷம் கலெக்டர் அம்மா கைகளைக் கோத்துக்கொண்டார். நாலாவது நிமிஷம் வாசல் பக்கம் திரும்பி, "யாரு வந்தா?" என்றார். யாரும் வரவில்லை. ஆறாவது நிமிஷம் கண்ணிலிருந்து தாரையாக வழிந்தது. ஏழாவதில் மூன்று தும்மல். பத்து நிமிஷம் முடிந்ததும் பட்டையை அவிழ்த்து வைத்துவிட்டு, "எங்கம்மாவுக்கு ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்" என்று எழுந்து போனவர் திரும்பவே இல்லை. கூட்டம் பிஸ்கட்டோடு முடிந்தது. சுகாதாரத் துறை இணை இயக்குநர், சாம்பாரில் பல்லி கிடந்தால் பார்க்கிற மாதிரி சிகாமணியைப் பார்த்தார்.

வராந்தாவில் சஃப்ரீன் மடக்கினாள். குழுவின் தலைவி, பேகம்பூர்க்காரி, பதினேழு வயது. சத்தம் போட மாட்டாள். அதுதான் பயம்.

"சார், அந்தப் பெட்டிக்கு 'ஆசை'ன்னு பேரு வச்சது யாரு?"

"நான்தாம்மா. மென்பொருள் வெளியூர்லேர்ந்து வந்துச்சு. எட்டுப் பெட்டி. தமிழ்ப்படுத்தச் சொன்னாங்க."

"அது ஆசையா சார்? அது ஏக்கம்."

"வைக்கும்போது தெரியும்மா. இன்னைக்கு அந்தப் பேரைப் பாத்து நானே ஏமாந்துட்டேன்."

"தெரிஞ்சுமா?"

சிகாமணி கொஞ்சம் நெளிந்தார். "திரையில அந்தப் பெட்டி மூணு எழுத்துக்குத்தான் அகலம். 'சோகம்'னு போட்டேன், புள்ளி வச்ச 'ம்' பாதி வெட்டுப்பட்டு நின்னுச்சு, சரின்னு விட்டுட்டேன். 'ஏக்கம்' நாலு எழுத்து. வெளிய வழிஞ்சிருச்சு. 'ஏக்க'ன்னு மட்டும் தெரிஞ்சுது. அசிங்கமா இருந்துச்சு. சரி, கிட்டத்தட்ட அதே அர்த்தம்தானேன்னு..."

லூர்து தலையில் அடித்துக்கொண்டான். "பெட்டி அகலத்துக்குத்தான் நாங்க ஏங்கணுமா சார்?"

சஃப்ரீன் சிரிக்கவில்லை. "பயம், சோகம்னு இருக்கிற பெட்டியெல்லாம் டாக்டருக்குப் போகும். ஆசைப் பெட்டி எங்க போகும்னு தெரியும்ல சார்?"

தெரியும். வேலை வழிகாட்டுப் பிரிவுக்குப் போகும். அவர்கள் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அந்தப் பெட்டிக்குப் போன பிள்ளைகளுக்கு 'எதிர்காலம் உன் கையில்' என்று ஒரு மடிப்புத் தாளை அனுப்பிவிடுவார்கள்.

"நாப்பத்தியொரு பேரு சார். பதிஞ்சு குடுத்துட்டு, யாராச்சும் போன் பண்ணுவாங்கன்னு எட்டு மாசமா உக்காந்திருக்காங்க. ரெண்டாவது சனிக்கிழமை குழு கூடுது. அதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்து வைங்க."

எடுத்து வைக்கிறேன் பேர்வழி என்றுதான் மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் முப்பத்தொன்றை அவர் நெற்றியில் கட்டிக்கொண்டார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில் ஓரிடம் மெதுவாக ஈரமானது. உடம்பு முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து எதையோ கேட்கப் பார்த்தது. வலி என்று சொல்ல முடியாது. பஸ் வருகிறதா என்று எக்கி எக்கிப் பார்த்தால் குதிகாலில் ஒரு கூச்சம் வருமே, அது நெஞ்சில் வந்தது. அழுகை வரும்போல இருந்து வராமலே நின்றது. ஏழாவது நிமிஷத்தில் மூன்று தும்மல், ஒன்றன்பின் ஒன்றாக.

மூன்றாவது தடவை கட்டிக்கொண்டபோதுதான் அந்தத் தும்மல் அவருக்கு உறைத்தது.

சிகாமணி வீட்டில் தும்மல் மூன்று மூன்றாகத்தான் வரும். அவர் அப்பாவுக்கு அப்படி, அவருக்கு அப்படி, மகள் ஆதிரைக்கும் அப்படி. ஆதிரை பதினொன்றாம் வகுப்பு. திட்டத்தில் சேர்ந்த மூன்று பள்ளிகளில் அவள் பள்ளியும் ஒன்று. பதிவின் தேதியைப் பார்த்தார். ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாள்தான் அவர் மனைவி கனகவல்லி ஒரு மாத விடுப்பு முடிந்து ஜெர்மனிக்கு விமானம் ஏறினாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். எந்திரங்கள் எல்லா வேலையும் செய்கிற ஊரில், கிழவர்களின் கையைப் பிடித்துக்கொள்ள மட்டும் ஆள் வேண்டியிருக்கிறதாம்.

அம்மாவுக்காக ஏங்கியிருக்கிறது பிள்ளை.

அதன்பிறகு அவர் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, சாயங்காலம் கிளம்புகிறபோது ஒரு தடவை என்று மருந்து மாதிரி அதைக் கட்டிக்கொள்ள ஆரம்பித்தார். கனகா போனதிலிருந்து அவருக்கும் அந்த இடத்தில்தான் ஈரம். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. "வீட்டம்மா இல்லாம எப்படி இருக்கு சார்?" என்று கேட்டால், "ரிமோட் என் கையில இருக்குய்யா" என்பார். பட்டையைக் கட்டிக்கொண்டால் அந்தப் பத்து நிமிஷம் அப்பாவும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே ஆளுக்காகக் காத்திருப்பது போல இருந்தது. தனியாக ஏங்குவதைவிட அது எவ்வளவோ தேவலாம்.

வீட்டுக்குப் போனால் ஆதிரை இருப்பாள்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"படிச்சாச்சா?"

"ம்."

இவர் ஏதாவது ஒரு ஜோக் அடிப்பார். அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பைக் காட்டிவிட்டு அறைக்குள் போய்விடுவாள். கதவு சாத்திக்கொள்ளும். அறைக்கு வெளியே நின்று கதவைத் தட்டுவதைவிட, அலுவலகத்தில் முப்பத்தொன்றைக் கட்டிக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்தது.

இரண்டாவது சனிக்கிழமை குழு கூடியது. மற்ற மூன்று உறுப்பினர்களுக்கு மாதிரித் தேர்வு. சஃப்ரீனும் லூர்துவும் மட்டும் வந்திருந்தார்கள். சமோசாவைப் பிரித்துக்கொண்டே லூர்து ஒரு தாளை எடுத்து வைத்தான்.

"சார், எந்தப் பதிவு எத்தனை தடவை ஓடிருக்குன்னு மெஷின் எண்ணி வச்சிருக்கு. டாக்டருங்க ஒவ்வொண்ணையும் ஒரு தடவை, ரெண்டு தடவை போட்டுருக்காங்க. முப்பத்தொண்ணு மட்டும் இருபது தடவை ஓடிருக்கு. ஒண்ணு கலெக்டர் அம்மா. மிச்சம் பத்தொம்பதும் இந்த ரூமுக்குள்ளதான்."

சிகாமணி சமோசாவுக்குள் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்தார்.

"கலெக்டர் ஆபீஸ்லேர்ந்தும் கடுதாசி வந்திருக்கு" என்றாள் சஃப்ரீன். "'மேற்படி பதிவை அலுவல் நிமித்தம் மீண்டும் ஒருமுறை அனுப்பி வைக்கவும்'னு. நத்தத்துல ஒரு தலைமையாசிரியர் வேற எதையோ வாரா வாரம் கேக்கறாரு. பெரியவங்களுக்கு இது பிடிச்சுப் போச்சு சார். எங்க கவலையைக் கட்டிக்கிட்டு ஒரு பாட்டம் அழுதா அவங்களுக்கு மனசு லேசாயிடுது. வீட்டுக்குப் போயி அவங்க பிள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கறாங்களான்னா, இல்ல."

"இல்லம்மா, புரிஞ்சுக்கிறதுக்காக..."

"புரிஞ்சுக்க ஒரு தடவை போதும் சார். ரெண்டாவது தடவை கட்டுறது உங்களுக்காக. எழுதிக்கோங்க: எந்தப் பெரியவரும் எந்தப் பதிவையும் ஒரு தடவைக்கு மேல கட்டக் கூடாது. கலெக்டரும் சேத்து."

சிகாமணி எழுதினார். தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிற உத்தரவை முத்து முத்தான கையெழுத்தில் எழுதுவது ஒரு தனி அனுபவம். எழுதி முடித்துப் பேனாவை மூடினார்.

"சஃப்ரீன், முப்பத்தொண்ணு யாருது?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

"நான் தகப்பன்மா."

"அதுக்காகத்தான் சொல்ல மாட்டேன்."

"மூணு தும்மல் இருக்கு. எங்க வீட்டுத் தும்மல்."

"ஊருக்கே சளி பிடிச்சிருக்கு சார்" என்றான் லூர்து. ஆனால் அவன் முகம் கொஞ்சம் மாறியதை சிகாமணி பார்த்துவிட்டார்.

"கேக்க வேண்டியவங்களக் கேளுங்க" என்றாள் சஃப்ரீன்.

"கேட்டா 'ம்'ங்கறா."

"நீங்க எப்படிக் கேப்பீங்கன்னு பாக்கலாம். லூர்து, நீ சார் வீட்டுப் பொண்ணு."

லூர்து உடனே நாற்காலியில் கால்களை மடக்கி ஏறிக்கொண்டு, இல்லாத கூந்தலை ஒதுக்கிவிட்டு, கையில் இல்லாத போனைப் பார்க்க ஆரம்பித்தான். சிகாமணிக்குத் திடுக்கென்றது. அச்சு அசல் அப்படியேதான் உட்காருவாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"ம்."

"ஸ்கூல் எப்படிப் போச்சு?"

லூர்து இந்தத் தடவை கொஞ்சம் இழுத்தான். "ம்ம்..."

"அட, ரெண்டு 'ம்' ஆயிருச்சே! நாளைக்கு இன்னொண்ணு சேத்தா பசு மாடு ஆயிருவே, பால் கறந்து வித்துரலாம்."

"நிறுத்துங்க" என்றாள் சஃப்ரீன். "இங்கதான் சார்."

"என்ன இங்கதான்?"

லூர்து காலைக் கீழே இறக்கினான். அவன் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "ரெண்டாவது 'ம்' இழுத்தேன்ல சார், அப்ப நான் ஏதோ சொல்ல வந்தேன். வாய் வரைக்கும் வந்துருச்சு. நீங்க மாடு கறந்துட்டீங்க. இனிமே நான் சொன்னா உங்க ஜோக்கைக் கெடுத்த மாதிரி ஆயிரும். அதனால சிரிச்சு வச்சுட்டு உள்ள போயிருவேன்."

"சிரிக்கவைக்கத்தானேப்பா..."

"எங்கப்பா கத்துவாரு சார். கத்துனா திருப்பிக் கத்தலாம். ஜோக் அடிச்சா என்ன பண்றது?"

சிகாமணிக்கு வாயில் ஒரு பதில் தயாராக இருந்தது. நல்ல பதில், அறையே சிரித்திருக்கும். அதை விழுங்குவதற்குச் சமோசாவைவிடக் கஷ்டமாக இருந்தது.

"அப்ப என்னதான் செய்ய?"

"ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் பேசாதீங்க" என்றாள் சஃப்ரீன். "டாக்டருங்களுக்கும் இதைத்தான் சொல்லிக் குடுத்தோம். ஒரு டாக்டர் நாலு நிமிஷம் இருந்தாரு. இப்ப என்கிட்ட கேளுங்க, பாப்போம்."

"எப்படிம்மா இருக்கே?"

சஃப்ரீன் பேசாமல் அவரைப் பார்த்தாள். மின்விசிறி சுற்றியது. தெருவில் ஓட்டுநர் இல்லாத டவுன் பஸ்ஸிலிருந்து கண்டக்டர் மட்டும் யாரையோ திட்டிக்கொண்டு போனார். சிகாமணியின் மீசை துடித்தது.

"என்னம்மா, கரண்டு போயிருச்சா?" என்றார்.

"பத்தொம்பது செகண்டு" என்றான் லூர்து, கடிகாரத்தைப் பார்த்து.

பிறகு அந்த நாற்பத்தொரு பேருக்கும் கடிதம் எழுதுகிற வேலை. போன் பண்ணுவதற்கு முன்னால் ஒரு கடிதம் போக வேண்டும் என்று குழு சொன்னது. சிகாமணி எழுத வேண்டும். முதல் வரைவில் 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று இருந்தது. சஃப்ரீன் கிழித்தாள். இரண்டாவதில் 'தவிர்க்க இயலாத நிலையில்' என்று இருந்தது. அதையும் கிழித்தாள். மூன்றாவதில் 'ஆசைக்கும் ஏக்கத்துக்கும் ஓர் எழுத்தல்ல, இரண்டு எழுத்து வித்தியாசம் என்பதை' என்று ஆரம்பித்திருந்தார். அவள் கிழிக்கக்கூட இல்லை. அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

நாலாவது போயிற்று: 'உன் பதிவைத் தப்பான பெட்டியில் போட்டது நான். என்னால் எட்டு மாதமாக யாரும் உன்னைக் கேட்கவில்லை. இந்த வாரம் குழுவிலிருந்து ஒருவர் கூப்பிடுவார். இப்படிக்கு, தெய்வசிகாமணி, செயலர்.'

உறைகளில் பெயர் எழுதும்போது அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். வராந்தாவில் நின்றபடி உள்ளே பேனா உரசுகிற சத்தத்தை அவர் எண்ணிக்கொண்டிருந்தார். ஏதோ ஒன்றில் தன் வீட்டு முகவரி எழுதப்படுகிறது என்று நினைத்துக்கொண்டார். எழுதப்படவில்லை என்றால் அதைவிட வருத்தமாக இருக்கும் என்றும் தோன்றியது. அம்மாவை நினைத்து ஏங்குகிற பிள்ளை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற தகப்பனை என்ன பெட்டியில் போடுவது என்று தெரியவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது ஆதிரை மொட்டைமாடியில் இருந்தாள். மலைக்கோட்டைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. கொடியிலிருந்து துணிகளை அவசர அவசரமாக உருவிக்கொண்டிருந்தாள். அவர் போய்ப் போர்வையின் மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று மடித்தார்கள். அவள் இடுப்பில் செருகியிருந்த உறை அவர் கண்ணில் பட்டது. பிரித்திருந்தது.

"லெட்டர் வந்துச்சு" என்றாள்.

'கையெழுத்து நல்லா இருந்துச்சா?' என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. போர்வையின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொள்ளாத குறையாக வாயை மூடிக்கொண்டார்.

"அதை நான் கட்டிப் பாத்தேன்" என்றார் பிறகு. "பத்தொம்பது தடவை. யாருதுன்னு தெரியாமக் கட்டுனேன். தெரிஞ்ச பெறகும் கட்டுனேன். தப்புதான்."

"பத்தொம்பதா?"

"ம்."

ஆதிரை போர்வையை வாங்கிச் சுவரின்மேல் வைத்தாள். அடுத்து ஒரு சட்டையை எடுத்தாள், அவருடைய சட்டை. கிளிப்பைக் கழற்றி அதன் வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"பத்தொம்பது தடவ கட்டுனதுக்கு ஒரு தடவ கதவைத் தட்டியிருக்கலாம்ல."

"தட்டியிருக்கலாம்."

அவள் முகத்தை அவர் பார்த்தார். கனகாவின் நெற்றி. கோபமா, அழுகையா என்று தெரியவில்லை. பட்டை இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

"அம்மா ஊருக்குப் போன மறுநாள் பதிஞ்சது" என்றார். "அம்மாவை நெனச்சுத்தானே?"

கிளிப் திறந்தது, மூடியது. முதல் தூறல் சுவரின்மேல் பொட்டு வைத்தது. கீழ்வீட்டுக் குக்கர் விசிலடித்தது. அதைப்பற்றி ஒன்று, தூறலைப்பற்றி ஒன்று, தன் தொந்தியைப்பற்றி ஒன்று என்று மூன்று ஜோக்குகள் வரிசையில் வந்து அவர் தொண்டையில் நின்றன. அவர் நகரவில்லை. தூறல் அவர் கண்ணாடியில் விழுந்தது, துடைக்கவில்லை. மடித்த போர்வை நனைகிறதே என்று ஒரு பேச்சு வந்தது, அதையும் விட்டுவிட்டார். எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்குத் தெரியாது.

"இல்லப்பா" என்றாள் ஆதிரை.

அவர் காத்திருந்தார்.

"அம்மா இல்லைன்னா இல்லைன்னு தெரியும். போன் பண்ணும், அழுகும், நானும் அழுவேன், முடிஞ்சு போயிரும். அன்னைக்கி நீ என் எதுத்தாப்ல உக்காந்து பட்டாணி உரிச்சிக்கிட்டிருந்தே. பட்டை தெரியாம இருக்க மேல துண்டைச் சுத்தியிருந்தேன். நெத்தில என்னத்தடி கட்டியிருக்கேன்னு கேட்டே, தலைவலின்னு சொன்னேன். உடனே தலைவலி ஜோக்கு. பெறகு ஏர்போர்ட்ல நடந்ததையெல்லாம் நடிச்சுக் காட்டுனே. நல்லாத்தான் இருந்துச்சு, சிரிச்சேன். ஆனா அந்தப் பத்து நிமிஷமும், நீ எப்பப்பா வருவேன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன்."